குழாயின் அடியில் தங்கும் மஞ்சள்

அன்பு மகள் கயல்விழிக்கு,

நீ அனுப்பிய உன் ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தைப் படித்தேன். மஞ்சளின் நிறப்பொருளான குர்குமினைக் கைட்டோசான் என்ற பலபடியின் மிக நுண்ணிய நானோ துகள்களில் ஏற்றும் முறையை நீ தேர்ந்தெடுத்தது, மருந்தியல் கல்லூரியில் இத்தனை காலம் பாடம் நடத்திய எனக்கு மிகவும் நிறைவாக இருக்கிறது. ஆனால் அடைப்புத் திறன், அதாவது சேர்த்த குர்குமினில் துகளுக்குள் அடைபட்ட பங்கு, 90 சதவீதத்துக்கு மேல் என்ற வரியை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

குர்குமின் நீரில் கரைவதே அரிது. உடல் வெப்பநிலையில் பிஎச் எனும் அமில-கார அளவை 7.2-இல் மாறாமல் வைத்திருக்கும் தாங்கல் கரைசலில் அரை மணி நேரத்தில் அதில் ஏறத்தாழ 90 சதவீதம் சிதைந்துவிடுவதை 1997-லேயே காட்டிவிட்டார்கள். அதையும் கடந்து உட்கிரகிக்கப்படும் சிறிதளவைக் குடற்சுவரும் கல்லீரலும் விரைவில் மாற்றி வெளியேற்றுகின்றன. ஆகவே துகளுக்குள் உண்மையிலேயே இருக்கும் குர்குமினுக்குத்தான் பாதுகாப்பு.

இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான் நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் கரைந்து நேர்மின் சுமை பெறுவதும், அதில் எதிர்மின் சுமை கொண்ட ட்ரைபாலிபாஸ்பேட்டைத் துளித்துளியாக விடும்போது துகள்கள் உருவாகித் தெளிந்த கரைசல் மெல்லிய நீலச் சாயலுடன் மங்குவதும் நீ தினமும் பார்ப்பவை. சூடேற்றவோ கடுமையான கரைப்பான்களைச் சேர்க்கவோ தேவைப்படாத இந்த எளிமை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் எத்தனாலில் கரைத்த குர்குமினை அந்த அமில நீரில் ஊற்றியதும், துகளுக்குள் நுழையாத பகுதி நுண்படிகங்களாகப் பிரிந்துவிடுகிறது. துகள்களைப் பிரிக்க மையவிலக்கியில் சுழற்றும்போது அப்படிகங்களும் துகள்களோடு அடியில் தங்குகின்றன. மேல்நீரில் எஞ்சியதை மட்டும் அளந்து மொத்தத்திலிருந்து கழித்தால், வெளியே கிடந்த குர்குமினும் உள்ளே இருப்பதாகவே கணக்கில் ஏறிவிடும்.

ஆகவே கைட்டோசானும் ட்ரைபாலிபாஸ்பேட்டும் இல்லாமல், அதே அமில நீரில் அதே அளவு குர்குமின் கரைசலை ஊற்றிச் சுழற்றிப் பார். அங்கும் மேல்நீர் நிறமற்றுத் தெளிந்து, குழாயின் அடியில் மஞ்சள் தங்குமானால், உன் 90 சதவீதத்துக்குப் பொருள் இல்லை. படிகங்களை முதலில் குறைந்த வேகத்தில் சுழற்றியோ வடிகட்டியோ நீக்கிவிட்டு, எஞ்சிய துகள்களிலிருந்து குர்குமினை எத்தனாலில் பிரித்தெடுத்து நேரடியாக அளந்துவிடு. எண் எவ்வளவு குறைந்தாலும் அதையே எழுது. குர்குமின் மருந்தாகத் தேறுமா என்றே 2017-இல் வந்த விரிவான மீளாய்வு ஒன்று கடுமையாக ஐயம் எழுப்பியிருக்கும்போது, இந்தத் துறைக்குத் தேவை நம்பத்தக்க அளவீடுகளே.

கைட்டோசானின் நேர்மின் சுமை பிஎச் 6.5-க்கு மேல் பெரிதும் குறைந்துவிடுவதால், எதிர்மின் சுமை கொண்ட குடற்சளியில் துகள் ஒட்டும் என்ற உன் வாதத்தையும் சிறுகுடலின் பிஎச்சில் சோதித்த பிறகே எழுது. இரண்டு சோதனைகளின் முடிவும் வந்ததும் எனக்கு அனுப்பிவை. எலிகளுக்குக் கொடுக்கும் அளவை அதன் பிறகு சேர்ந்து கணக்கிடலாம்.

அன்புடன்,
அம்மா