மியூரா மடிப்பை எடுக்கும் முன் அடுக்குகளை எண்ணுங்கள்

சிறு செயற்கைக்கோள் செய்யும் மாணவர் குழுக்களுக்கும் அவர்களை வழிநடத்தும் பேராசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புடையீர், வணக்கம்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் அனுசாட் 2009-இலும், சத்தியபாமா பல்கலைக்கழக மாணவர்களின் செயற்கைக்கோள் 2016-இலும் பி.எஸ்.எல்.வி.யில் ஏறிப் போயின. இன்று 10 செ.மீ. கனசதுரத்துக்குள் எல்லாவற்றையும் அடக்க முயல்கிறீர்கள். பெட்டி சிறியது, மின்தேவை பெரியது. எனவே விரியும் சூரியத் தகடு, அதற்கு ஓரிகாமி (ஜப்பானியத் தாள் மடிப்புக் கலை) என்று முடிவாகிறது. அந்த முடிவில் தவறில்லை. ஆனால் ஓரிகாமி என்றதும், மூலையைப் பிடித்து இழுத்தால் ஒரே அசைவில் விரியும் மியூரா மடிப்புக்கே கை போகிறது. கணினித் திரையில் அது அழகாக விரிவதைப் பார்த்துவிட்டுத் தகடு வெட்டக் கொடுத்துவிடாதீர்கள் என்று கேட்கவே இந்த மடல். திரையில் விரிவது தடிமன் இல்லாத தாள்.

கோரியோ மியூரா உருவாக்கிய இந்த மடிப்பை ஜப்பான் 1995-இல் ஸ்பேஸ் ஃபிளையர் யூனிட் என்ற விண்கலத்தில் விண்ணுக்கு அனுப்பிச் சோதித்தது. அங்கே மடிந்திருந்தது மெல்லிய படலம். நீங்கள் மடிக்கப் போவது பெரும்பாலும் 1.6 மி.மீ. சர்க்யூட் போர்டு. இந்த ஒரு வேறுபாட்டால் கணக்கே மாறிவிடுகிறது.

முதலில் தாளில் செய்யுங்கள். ஏ4 தாளை நீளவாக்கில் 5 பட்டைகளாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 42 மி.மீ. அகலம். குறுக்கே 7 பத்திகள் என்றால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 42.4 மி.மீ. குறுக்குக் கோடு பட்டைக்கு 84 பாகைச் சாய்வில் இருக்கட்டும். அதாவது 42 மி.மீ. அகலத்தைக் கடப்பதற்குள் சுமார் 4.4 மி.மீ. விலகும், அடுத்த பட்டையில் எதிர்ப்பக்கம் திரும்பி வளைவுநெளிவாகப் போகும். பட்டைகளை மடித்து வைத்துக்கொண்டு 5 அடுக்கையும் சேர்த்துக் குறுக்கே மடிக்காதீர்கள். உள் அடுக்கின் கோடு வெளி அடுக்கின் கோட்டிலிருந்து நகர்ந்துவிடும். விரித்த தாளில் வரைந்து, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் ஸ்டீல் ஸ்கேலை ஒட்டி அழுத்திக் கீறுங்கள். எல்லாக் கோடுகளையும் இரு பக்கமும் ஒருமுறை மடித்துப் பழக்குங்கள். பிறகு ஒரு வளைவுநெளிவுக் கோடு முழுவதும் மேட்டு மடிப்பு, அடுத்தது முழுவதும் பள்ள மடிப்பு என்று கொண்டுவந்தால், நேர்க்கோடுகள் பத்திக்குப் பத்தி தாமாகவே மேடும் பள்ளமுமாக மாறி அமையும். ஒரு சந்திப்பில் நான்கு மடிப்புகளும் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க எளிய வழி: மூன்று ஒருவிதம், ஒன்று எதிர்விதம். இரண்டுக்கு இரண்டு வந்தால் அந்தச் சந்திப்பு தட்டையாக மடியாது.

இப்போது எதிரெதிர் மூலைகளைப் பிடித்து இழுங்கள். முழுத் தாளும் ஒரே அசைவில் விரியும். தாள் இங்கேதான் ஏமாற்றுகிறது. விரியும்போது ஒவ்வொரு கட்டமும் லேசாக வளைந்து கொடுக்கும், நம் கண்ணுக்கு அது தெரியாது. தகடு வளையாது.

ஆகவே அதே வடிவத்தை உடனே 1.5 மி.மீ. பைண்டிங் அட்டையில் செய்யுங்கள். 35 அட்டைகளை வெட்டிக் குடைத் துணியின் ஒரே பக்கத்தில் டபுள் சைடு டேப்பால் ஒட்டுங்கள். தண்ணீர் கலந்த வெள்ளைப் பசை வேண்டாம். அட்டை காய்ந்ததும் வளைந்து, அளவெல்லாம் கெடும். அட்டைகள் உட்பக்கமாக ஒன்றையொன்று பார்த்து மடியும் இடங்களில் தடிமனைப் போல் இரு மடங்கு, அதாவது 3 மி.மீ. இடைவெளி வேண்டும். ஒவ்வொரு சந்திப்பிலும் துணியில் 4 மி.மீ. துளை போடுங்கள், கிழிசல் அங்கேதான் தொடங்கும்.

இவ்வளவு செய்தும் முழுதாக மடியாது. ஏன் என்பதை மடித்த அடுக்கின் ஓரத்திலேயே பார்க்கலாம். முதல் பட்டையின் 7 கட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்து, அதன்மேல் இரண்டாம் பட்டையின் 7 கட்டங்கள் தலைகீழ் வரிசையில் உட்காருகின்றன. இரண்டையும் இணைக்கும் நேர்க்கோட்டு மடிப்பு முதல் பத்தியில் எதையும் சுற்ற வேண்டியதில்லை. இரண்டாம் பத்தியில் நடுவே 2 அட்டைகள், மூன்றாவதில் 4. ஏழாவது பத்தியில் 12. துணியைக் கணக்கில் சேர்க்காமலே 18 மி.மீ. இடைவெளி! 42 மி.மீ. கட்டத்தில் அதை விட்டுக்கொடுத்தால் சூரிய மின்கலம் ஒட்ட எவ்வளவு இடம் மிஞ்சும்? அடுத்த நேர்க்கோட்டில் இதே சிக்கல் எதிர்முனைக்குப் போய்விடும் என்பதால், ஒரு பக்கத்தை மட்டும் சரிசெய்தும் தப்ப முடியாது.

இதே மடிப்பை 25 மைக்ரோமீட்டர் படலத்தில் செய்தால் அந்த 12 அடுக்கு 0.3 மி.மீ. மட்டுமே. 2010-இல் ஜப்பான் அனுப்பிய, சூரிய ஒளியின் அழுத்தத்தால் நகரும் இக்காரோஸ் சூரியப் பாய்மரத்தின் படலம் 7.5 மைக்ரோமீட்டர். அதுபோன்ற பாய்க்கு எத்தனை அடுக்கு வேண்டுமானாலும் மடிக்கலாம். தடித்த தகட்டுக்கு எங்கள் கருத்து வேறு: 4 முதல் 6 தகடுகள்தான் என்றால் சந்திப்பே இல்லாத விசிறி மடிப்பு போதும். கீல்களை ஒன்றுவிட்டு ஒன்றாக மேல்முகத்திலும் கீழ்முகத்திலும் வைத்தால் இடைவெளியே தேவையில்லை. மியூராதான் வேண்டும் என்றால் 3 பத்திகளுடன் நிறுத்துங்கள். பிரிகாம் யங் பல்கலைக்கழகமும் நாசாவின் ஜெட் உந்துகை ஆய்வகமும் 2.7 மீட்டர் விட்டத்திலிருந்து 25 மீட்டருக்கு விரியும் தகட்டை வடிவமைத்தபோது, தடிமனைச் சமாளிக்கத் தகடுகளைப் படலத்தில் பொருத்துவது, மூலைவிட்டத்தில் மடிய விடுவது என இரு வழிகளைக் கையாண்டார்கள். அவர்களும் 20-இல் ஒரு பங்கு அளவில், 1.25 மீட்டருக்கு விரியும் மாதிரியைச் செய்து பார்த்தார்கள்.

சாய்வைப் பற்றியும் ஒன்று. 90 பாகையை நெருங்க நெருங்கச் சிறிதாக மடியும், ஆனால் ஒரு திசை ஏறக்குறைய முழுதும் விரிந்த பிறகே மறு திசை நகரத் தொடங்கும். தகட்டை விரிக்கும் ஸ்பிரிங்கின் விசை தீரும் கடைசிக் கட்டத்தில் தகடு பாதியில் நின்றுவிடும். 84-இல் நின்றால் 75-க்கு இறங்கிப் பாருங்கள்.

விரிப்புச் சோதனையில், தகட்டின் எடை குறுக்கிடாதிருக்க, ஒவ்வொரு தகட்டையும் கூரையிலிருந்து தங்கூசி (நைலான்) நரம்பில் தொங்கவிடுங்கள். நரம்பு 2 மீட்டராவது இருக்கட்டும். குட்டையாக இருந்தால் தகடு விலகும்போது நரம்பு சாய்ந்து பக்கவாட்டில் இழுக்கும், கிடைக்கும் முடிவு பொய்யாகும். மடித்துக் கட்டிய மாதிரியை ஒரு மாதம் அப்படியே வைத்துவிட்டு, அதன்பின் மின்சாரத்தில் சூடாகும் நைக்ரோம் கம்பியால் கட்டு நரம்பைச் சுட்டு விடுவியுங்கள். அன்று மடித்து அன்றே விரிப்பதில் மடிப்புத் தழும்பு எவ்வளவு பிடிக்கும் என்பது தெரியாது. கீல்களைக் கடக்கும் மின்கம்பிகளும் மாதிரியிலேயே இருக்க வேண்டும், அவற்றின் விறைப்பும் விரிப்பைத் தடுக்கும்.

பேராசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த வடிவமைப்பு ஆய்வுக் கூட்டத்தில் காணொளி ஓடுவதற்கு முன் தாள் மாதிரியும் அட்டை மாதிரியும் மேசைக்கு வரட்டும். எந்த மடிப்பு எத்தனை அடுக்கைச் சுற்றுகிறது என்ற அட்டவணையைக் கேளுங்கள். அது இல்லாமல் தகடு வெட்ட ஒப்புதல் தராதீர்கள்.

இப்படிக்கு,
விரியும் கட்டமைப்புகளில் பணிபுரிவோர்