சூளை விட்டுவைத்த நிறம்

அன்புள்ள கணேசா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மாடி ஏற ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததில் நிம்மதி. தைலத்தை மட்டும் நிறுத்திவிடாதே. இங்கே பேரன் பள்ளிக்குப் போகத் தொடங்கிவிட்டான். பகலில் வீடு வெறிச்சென்று இருப்பதால் ஆற்றோரத்தில் இருக்கும் ஆசிய நாகரிகங்கள் அருங்காட்சியகத்துக்குப் போய் உட்கார்ந்துவிடுகிறேன். சிங்கப்பூர் வெயிலுக்கு நல்ல இடம்.

பழைய சீனப் பீங்கான் என்றாலே ஏன் நீலமும் வெள்ளையுமாக இருக்கிறது, வேறு நிறமே அவர்களுக்குப் பிடிக்காதா என்று கேட்டிருந்தாய். பிடிக்காமல் என்ன! சூளைதான் விடவில்லை.

ஜியாங்சி மாகாணத்து ஜிங்தெஜென் ஊரில் பீங்கானுக்கு இரண்டு பொருள்கள் சேரும். ஒன்று, இடித்துத் தூளாக்கிய ஒருவகைப் பாறை. இன்னொன்று கயோலின் என்னும் வெண்களிமண். பாறைத்தூள் சூட்டில் உருகிக் கண்ணாடிபோல் இறுகும். கயோலின் பாத்திரம் தொய்ந்துவிடாமல் தாங்கிப் பிடிக்கும். யுவான் அரச மரபின் காலத்தில், அதாவது 14ஆம் நூற்றாண்டில், இந்தக் கலவை கைவந்த பிறகுதான் பெரிய ஜாடிகளையும் அகலத் தட்டுகளையும் துணிந்து செய்தார்கள். ஆனால் அதைச் சுட ஏறத்தாழ 1,300 டிகிரி வேண்டும். அந்தச் சூட்டில் பெரும்பாலான வண்ணங்கள் கருகும், இல்லையென்றால் பறந்துபோகும். கோபால்ட் என்னும் உலோகத்தின் தாதுவிலிருந்து வரும் நீலம் நிற்கும்.

சுடாத பச்சைப் பாத்திரத்தின் மேலேயே தூரிகையால் வரைகிறார்கள். புது மண்பானை தண்ணீரை இழுப்பதுபோல் அது சாயத்தை உடனே இழுத்துக்கொள்ளும். கோடு பிசகினால் அழிக்க வழியில்லை. வரையும்போது தெரிவது சாம்பலும் கறுப்புமான கோடுதான். மேலே, கண்ணாடிபோல் பளபளப்பாகும் பூச்சுப் பூசிச் சுட்ட பிறகே நீலம் வெளியே வரும். கண்ணால் பார்க்காத நிறத்தில் ஒருவன் தாமரையும் டிராகனும் வரைந்திருக்கிறான் என்பதை நினைத்தால் எனக்கு ஆச்சரியம் தீரவில்லை.

நல்ல கோபால்ட் பாரசீகத்திலிருந்து வந்தது. அதில் இரும்பு அதிகம், மாங்கனீசு குறைவு. அதனால் நீலம் ஆழமாக இருக்கும். சாயம் தடித்து நின்ற இடங்களில் கறுத்த புள்ளிகளும் விழும். 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், யோங்லே, ஷுவாந்தே பேரரசர்கள் காலத்துப் பாத்திரங்களில் இதைப் பார்க்கலாம். வேடிக்கை என்னவென்றால், 18ஆம் நூற்றாண்டில் சீரான நீலம் தீட்டத் தெரிந்தவர்கள், அந்தப் பழைய அழகு வேண்டும் என்று தூரிகை முனையால் புள்ளி புள்ளியாக வைத்துப் போலி செய்தார்கள். நேர்த்தியாகத்தான் இருக்கிறது. எனக்கு ஒட்டவில்லை.

செம்பிலிருந்து சிவப்பு எடுக்கவும் பார்த்தார்கள். அது பெரிய வீம்புக்காரச் சரக்கு. சூளையில் காற்று கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் சாம்பல் நிறமாகிவிடும். அப்புறம்தான், முதலில் சுட்டு முடித்த பூச்சின் மேல் வண்ணம் தீட்டி, குறைந்த சூட்டில் மறுபடி சுடும் முறை செழித்தது. மிங் மரபின் செங்ஹுவா பேரரசர் காலத்தில் (1465–1487) நீலக் கோட்டைப் பூச்சுக்கு அடியிலும் சிவப்பு, பச்சை, மஞ்சளை மேலேயும் வைத்து, கோழியும் குஞ்சுகளுமாகச் சின்னஞ்சிறு கிண்ணங்கள் செய்தார்கள். அதில் ஒன்று 2014இல் ஹாங்காங் ஏலத்தில் 28 கோடி ஹாங்காங் டாலருக்குப் போனது. வாங்கியவர் அதில் தேநீர் ஊற்றிக் குடித்தார்! ஊரே திட்டியது. கிண்ணம் பின்னே எதற்கு இருக்கிறது?

இங்கே நான் அதிக நேரம் நிற்பது இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே 1998இல் கண்டெடுத்த கப்பலின் சரக்கு முன்னால். 9ஆம் நூற்றாண்டுக் கப்பல். சீனாவின் ஹெனான் பக்கத்துச் சூளையில் செய்த மூன்று நீல வெள்ளைத் தட்டுகள் அதில் இருந்தன. யுவான் காலத்துக்கு 500 ஆண்டு முந்தியவை. ஆனால் எனக்குப் பிடித்தவை அதிலிருந்த, சீனாவின் சாங்ஷா பக்கத்துச் சூளைகளில் செய்த கிண்ணங்கள்தான். பல்லாயிரக்கணக்கில் கிடைத்த சாதாரணச் சந்தைச் சரக்கு. இரும்பின் பழுப்பிலும் செம்பின் பச்சையிலும் பறவையோ இலையோ நாலே இழுப்பில் வரைந்துவிட்டு அடுத்ததை எடுத்திருக்கிறார்கள்.

உங்கள் ராமநாதபுரத்துப் பெரியபட்டினத்திலும் 13, 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் சில்லுகள் கிடைத்திருக்கின்றன. கால் தேறியதும் அந்தப் பக்கம் ஒரு நடை போய் வாயேன்.

சரி, உன் மைத்துனர் வாங்கிய ஜாடிக்கு வருகிறேன். அடியில் பேரரசர் பெயரைச் சொல்லும் ஆறு சீன எழுத்து இருப்பதால் மிங் காலத்தது என்று விற்றவர் சொன்னாராம். அதை மட்டும் நம்பமுடியாது. பின்னால் வந்த காங்ஷி பேரரசர் காலத்துக் குயவர்களே 200 ஆண்டு முந்திய செங்ஹுவா பெயரைத் தாராளமாக எழுதியிருக்கிறார்கள், இன்றைக்கும் எழுதுகிறார்கள். ஜாடியைக் கவிழ்த்து, பூச்சுப் படாத அடி வளையத்தைப் பகல் வெளிச்சத்தில் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பச் சொல். இங்கே விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டுகிறேன். அதுவரை என்ன விலை கொடுத்தார் என்று தங்கச்சி காதில் விழாமல் பார்த்துக்கொள்.

அன்புடன்,
ராமு