புகார் கடிதம்: மாதிரித் தேர்வில் 47, உண்மைத் தேர்வில் 16

அனுப்புநர்: உங்கள் ஆப்பின் சந்தாதாரர், திண்டுக்கல்.

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு, தேர்வுப் பயிற்சி ஆப் நிறுவனம்.

பொருள்: காப்பீட்டு முகவர் தேர்வுக்கான தமிழ்வழி மாதிரித் தேர்வுகளில் உள்ள பிழைகள், கட்டிய 3,499 ரூபாயைத் திருப்பிக் கேட்பது.

ஐயா / அம்மா,

வணக்கம். ஆயுள் காப்பீட்டு முகவர் ஆவதற்கான ஐசி-38 தேர்வுக்காக 3,499 ரூபாய் கட்டி உங்கள் ஆப்பில் சேர்ந்தேன். ‘தேர்ச்சி இல்லையேல் பணம் வாபஸ்’ என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தீர்கள். தேர்வு எழுதினேன். 50-க்கு 16. பணத்தைக் கேட்டால் மூன்று முறையும் ஒரே ஆங்கிலப் பதில் வந்தது, அப்புறம் ‘புகார் முடிக்கப்பட்டது’ என்று ஒரு குறுஞ்செய்தி. என் பக்கத்தில் அது முடியவில்லை. அதனால் இந்த முறை தமிழில், ஸ்பீட் போஸ்டில் எழுதுகிறேன்.

இந்தத் தேர்வு மலையைப் புரட்டுகிற வேலை இல்லை. 50 கேள்வி, ஒரு மணி நேரம். தவறான விடைக்கு மார்க் கழிப்பதில்லை. நூற்றுக்கு 35 போதும், அதாவது 50-க்கு 18. பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் எழுதலாம், தமிழிலேயே எழுதலாம். கண்ணை மூடிக்கொண்டு நான்கில் ஒன்றைத் தொட்டாலே சராசரியாகப் பன்னிரண்டு பதின்மூன்று வரும் என்று என் மகன் கணக்குப் போட்டுக் காட்டினான். ஆக உங்கள் ஆப் எனக்குச் சேர்த்துக் கொடுத்தது மூன்று மார்க். ஒரு மார்க்குக்கு ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்.

இத்தனைக்கும் உங்கள் மாதிரித் தேர்வுகளில் நான் 47, 48 என்று வாங்கிக்கொண்டிருந்தேன். எப்படி என்று பிறகுதான் புரிந்தது. நாற்பது தேர்வுகள் என்று விற்கிறீர்கள். கேள்விகள் திரும்பத் திரும்ப அதே கேள்விகள். விடைகளின் வரிசைகூட மாறுவதில்லை. பத்து நாளில் எனக்கு விடை தெரியவில்லை, விடை இருக்கும் இடம் தெரிந்துவிட்டது.

காப்பீட்டுச் சட்டத்தின் பிரிவு 45 பற்றிய கேள்வியைப் பாருங்கள். பாலிசி எடுத்து எத்தனை ஆண்டுக்குப் பிறகு காப்பீட்டு நிறுவனம் எந்தக் காரணத்துக்காகவும் அதைக் கேள்வி கேட்க முடியாது? உங்கள் 7-ஆம் தேர்வில் சரியான விடை 2 ஆண்டு. 19-ஆம் தேர்வில் அதே கேள்விக்கு 3 ஆண்டு. 2015-இல் சட்டம் திருத்தப்பட்டதிலிருந்து 3 ஆண்டுதான். நான் என்ன செய்தேன் தெரியுமா? 7 என்றால் 2, 19 என்றால் 3 என்று மனப்பாடம் செய்துகொண்டேன். இரண்டிலும் பச்சை டிக் விழுந்தது. ‘அருமை, நீங்கள் தயார்!’ என்று பட்டாசு வேறு வெடித்தது.

பிடிக்காத பாலிசியைத் திருப்பிக் கொடுக்கும் கால அவகாசம் 2024 முதல் ஆயுள் காப்பீட்டுப் பாலிசிகளுக்கு 30 நாள். உங்கள் ஆப்பில் 15 நாள்தான். எதிர்வீட்டு மாமா ஒருவர் ரிட்டயர்டு இன்ஷூரன்ஸ் டெவலப்மென்ட் ஆபீசர். இதைக் காட்டியதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “ஏம்மா, ஒருத்தன் இருபதாவது நாள் பாலிசி வேண்டாம்னு உன்கிட்ட வர்றான். காலம் முடிஞ்சுபோச்சுன்னு திருப்பி அனுப்பிடுவியா?” என்றார். எனக்குப் பதில் வரவில்லை. அனுப்பியிருப்பேன்.

அடுத்தது தமிழ். ‘முழுக்க முழுக்கத் தமிழில்’ என்பதை நம்பித்தான் சேர்ந்தேன். பாலிசியைச் சரண்டர் செய்தால் கிடைக்கும் தொகை உங்களிடம் ‘சரணடையும் மதிப்பு’. போலீஸ் ஸ்டேஷன் ஞாபகம்தான் வருகிறது. பாலிசியோடு கூடுதலாக எடுக்கும் ரைடர் ‘சவாரி செய்பவர்’. பிரீமியம் கட்டத் தவறினால் தரும் கிரேஸ் காலம் ‘அருள் காலம்’. மாதத் தவணைக்கு 15 நாள், மற்றதற்கு 30 நாள் என்பது எனக்குத் தெரியும். அருள் எத்தனை நாளைக்கு என்றால் நான் என்ன சொல்வது? எழுதியவர் ஒரு தடவை வாய்விட்டுப் படித்திருந்தால் இவ்வளவும் வந்திருக்காது. எழுதியது ஆள்தானா என்றே எனக்குச் சந்தேகம்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். நான் தோற்றது இதனால் மட்டும் இல்லை. ஒருவரின் சம்பாத்தியத்தை வைத்து அவருக்கு எவ்வளவு காப்பீடு வேண்டும் என்று கணக்கிடும் ‘மனித உயிர் மதிப்பு’ என்ற கருத்தைச் சொன்னவர் யார் என்று நீங்கள் ஐந்து தேர்வுகளில் கேட்கிறீர்கள். சாலமன் ஹியூப்னர், தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் ஒருவர் ஆண்டுக்கு 2,40,000 சம்பாதிக்கிறார், தன் செலவு 60,000, வட்டி 6 சதவீதம், அவர் குடும்பத்துக்கு எவ்வளவு காப்பீடு வேண்டும் என்கிற ரகக் கேள்வி ஒன்றுகூட உங்களிடம் இல்லை. மாமா ஒரு பழைய காலண்டரின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினார். குடும்பத்துக்குப் போவது 1,80,000. அந்தத் தொகை வட்டியாக வர எவ்வளவு முதல் வேண்டும்? 30 லட்சம். முடிந்தது. 8 லட்ச ரூபாய் வீட்டை 4 லட்சத்துக்கு இன்ஷூர் செய்தவருக்கு 50,000 நஷ்டம் என்றால், பாதி மதிப்புக்குத்தான் இன்ஷூர் செய்ததால் நஷ்டத்திலும் பாதி, 25,000தான் கையில் வரும் என்பதையும் அப்படித்தான் புரிந்துகொண்டேன். அவர் கொடுத்த புத்தகத்தை 18 நாள் படித்து, இரண்டாம் முறை 34 எடுத்துத் தேறிவிட்டேன். ‘இப்போதுதான் பாஸ் ஆகிவிட்டீர்களே’ என்று பதில் எழுதிவிடாதீர்கள். அதில் உங்கள் பங்கு ஒன்றும் இல்லை.

பணம் தர மறுக்க நீங்கள் சொன்ன காரணம்: நாற்பது மாதிரித் தேர்விலும் ‘முதல் முயற்சியில்’ 90 சதவீதம் எடுத்திருக்க வேண்டும், நான் 1-ஆம் தேர்வின் முதல் முயற்சியில் 50-க்கு 19 எடுத்தேன். சேர்ந்த அன்று சாயங்காலம் எழுதியது அது. ஒரு பாடமும் படிக்கும் முன்பே 90 வாங்குகிறவள் உங்களிடம் எதற்கு வரப்போகிறாள்? இந்த நிபந்தனை விளம்பரத்தில் எங்கும் இல்லை. பணம் கட்டிய பிறகு வரும் விதிமுறைகளில், பதினோராவது பக்கத்தில் இருக்கிறது.

நான் கேட்பது 3,499 ரூபாயும், முதல் தடவை தோற்றதால் மறுபடி கட்டிய தேர்வுக் கட்டணமும். அதோடு, பிழையான விடைகளைத் திருத்தும்வரை அந்தத் தேர்வுகளை விற்பதை நிறுத்துங்கள். என் தையல் கடைக்கு வரும் இரண்டு பெண்கள் உங்கள் விளம்பரத்தைப் பார்த்துவிட்டுச் சேரலாமா என்று கேட்கிறார்கள்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பதில் வேண்டும். இல்லாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகாரைப் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சத்துக்கு உட்பட்ட தொகைக்கு அங்கே கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை என்று விசாரித்து வைத்திருக்கிறேன்.

பணம் கட்டிய ரசீது, உங்கள் மூன்று பதில்கள், 14 பக்க ஸ்கிரீன்ஷாட் எல்லாம் இணைத்திருக்கிறேன். தவறான விடைகளைச் சிவப்பு மையில் வட்டமிட்டிருக்கிறேன். திருத்தும்போது 19-ஆம் தேர்வில் பிரிவு 45 கேள்வியில் மட்டும் கை வைக்காதீர்கள். அது சரியாக இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்