ரங்காவுக்கு, ஹார்டு டிஸ்க்குகள் பற்றி

திருவான்மியூர், சென்னை

அன்புள்ள ரங்கா,

பதில் எழுதாமல் இருந்ததற்கு நீ திட்டுவதை நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன். வீட்டில் அனைவரும் நலம்.

கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் ஒன்றைப் புதிதாக வாங்கிவிட்டாய் என்றும், அப்பாவின் கச்சேரிப் பதிவுகள் உள்ள டிஸ்க்குகளைப் பழைய கேபிள்களோடு அப்படியே அதில் செருகிவிடப் போகிறாய் என்றும் எழுதியிருந்தாய். தயவுசெய்து அதைச் செய்யாதே. மயிலாப்பூரில் என் மைத்துனரின் ஸ்டூடியோவுக்குப் பழுதுபார்க்க வந்தவர் சென்ற வாரம் இதையேதான் செய்தார். சுவிட்சைப் போட்டவுடன் கல்யாண வீடியோக்கள் இருந்த டிஸ்க்குகள் அனைத்தும் போய்விட்டன.

டிஸ்க்குக்கு மின்சாரம் கொண்டுவரும் 15 முனை சாட்டா பவர் இணைப்பு, டிஸ்க்கில் மாட்டும் பக்கம் எங்கும் ஒரே மாதிரிதான். ஆனால் கழற்றி மாட்டும் வகைக் கேபிளின் மறுமுனைக்கு, அதாவது எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனைக்கு, பொதுத் தரம் எதுவும் கிடையாது. கம்பெனிக்குக் கம்பெனி, சில சமயம் ஒரே கம்பெனியின் மாடலுக்கு மாடல்கூட, கம்பிகளின் வரிசை மாறும். ஆனாலும், முனை பல சமயம் கச்சிதமாக உள்ளே போய்விடும். அப்போது 5 வோல்ட் வரவேண்டிய கம்பியில் 12 வோல்ட் வந்து டிஸ்க்கின் மின்சுற்றுப் போர்டை எரித்துவிடலாம். அதே மாடல் போர்டு ஒன்றை வாங்கி மாற்றினால் போதும் என்று நீ வாதாடுவாய் என்பதும் தெரியும். பல டிஸ்க்குகளில் அந்தந்த டிஸ்க்குக்கே உரிய அளவீடுகள் போர்டிலுள்ள சிறு சிப்பில் பதிந்திருப்பதால், அந்தச் சிப்பையும் பெயர்த்துப் புதுப் போர்டில் மாற்றினால்தான் டிஸ்க் உயிர்பெறும். மைத்துனர் இப்போது அதற்குத்தான் அலைந்துகொண்டிருக்கிறார்.

ரிச்சி தெருவில் நீ கேட்ட மோலெக்ஸ்–சாட்டா மாற்றியை (பழைய நான்கு முனை மோலெக்ஸ் மின்இணைப்பைச் சாட்டா முனையாக்கும் துண்டுக் கேபிளை) வேண்டுமென்றேதான் வாங்கவில்லை. கம்பிகளைச் சுற்றிப் பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த மலிவு வகையே அங்குக் கண்ணில் பட்டது. உள்ளே கம்பிகள் ஒன்றோடொன்று தொட்டுத் தீப்பிடிப்பதாக அந்த வகைக்குக் கெட்ட பெயர் உண்டு. நாற்பது ரூபாய் மிச்சம் பிடிக்க அப்பாவின் தோடியைப் பணயம் வைப்பாயா?

டேட்டா கேபிளில் இந்த ஆபத்து இல்லை, பழையதே போதும். டிஸ்க் தன் நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் 199 என்ற எண்ணுக்கு எதிரே சிஆர்சி பிழைகள், அதாவது டேட்டா கடத்தும்போது நேரும் பிழைகள், ஏறிக்கொண்டே போனால் மட்டும், டிஸ்க்கைப் பழிக்குமுன் அந்தக் கேபிளை மாற்றிப் பார். கழற்றும்போது மின்சாரத்தை நிறுத்தியவுடன் டிஸ்க்கைத் தூக்காதே, உள்ளே சுழலும் தட்டுகள் முழுதாக நிற்கட்டும்.

புது எஸ்எம்பிஎஸ்ஸின் பெட்டியிலேயே அதற்குரிய கேபிள்கள் இருக்கும். அவற்றைப் படமெடுத்து அனுப்பு. எத்தனை சாட்டா முனைகள் குறைகின்றன என்று பார்த்து, அதே மாடலுக்கு உரியதை நானே தேடி வாங்கி அனுப்புகிறேன்.

அன்புடன்,
வேணு