முன்னிசையின் மேல் பேசாதீர்கள்

மலேசியத் தமிழ் வானொலிகளில் பாடல்களைத் தேர்ந்தெடுக்கும் அன்பர்களுக்கும் அறிவிப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

நான் பினாங்கின் பெருநிலப் பக்கத்தில் இருக்கும் பிறை நகரில் வசிக்கிறேன். தீவில் உள்ள பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையில் வேலை. 22 ஆண்டுகளாகப் பினாங்குப் பாலத்தைக் கடந்து போய் வருகிறேன். பாலம் 13.5 கிலோமீட்டர். நெரிசல் இல்லாத நாளில் ஏறி இறங்கப் பதினைந்து நிமிடம் ஆகும். மூன்று பாடல்களுக்கு அது போதும். என் நாளில் எனக்கென்று இருக்கும் நேரம் அந்தப் பதினைந்து நிமிடம்தான். அதை உங்கள் கையில் கொடுத்திருக்கிறேன் என்பதால்தான் இந்தக் கடிதம்.

சென்ற மாதம் ஒரு காலை, டோல் சாவடியைத் தாண்டியதும் 'இளைய நிலா' தொடங்கியது. அந்தக் கிதாரைக் கேட்டவுடன் கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஒலியையும் கொஞ்சம் கூட்டினேன். இரண்டு விநாடி போயிருக்கும், அறிவிப்பாளர் பேசத் தொடங்கினார். காலை வணக்கம், போட்டியின் பரிசுத் தொகை, கூப்பிட வேண்டிய எண், மறுபடியும் பரிசுத் தொகை. பாலசுப்பிரமணியம் வாய் திறக்கும் நொடியில் அவர் சரியாக நிறுத்தினார். அப்படி நிறுத்துவது ஒரு திறமை என்று எண்ணுகிறீர்கள் போலும். கிதார் போய்விட்டது. முதல் சரணத்துக்குப் பிறகு பாடலும் தேய்ந்து மறைந்து விளம்பரம் வந்தது. பாலத்தின் நடுமேட்டுக்குக்கூட நான் வந்து சேர்ந்திருக்கவில்லை.

எந்த நிலையம் என்று சொல்லப்போவதில்லை. ஒரு நிலையத்தோடு நிற்கிற பழக்கமாக இருந்தால் நான் எழுதியிருக்கவே மாட்டேன்.

1990களில் திருமண மண்டபங்களில் வாசிக்கும் இசைக்குழு ஒன்றில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தேன். எங்களில் யாருக்கும் இசைக்குறிப்பு படிக்கத் தெரியாது. வானொலிப் பெட்டியில் ஒலிநாடாவைப் போட்டு வைத்துக் காத்திருப்போம். பாடல் வந்ததும் பதிவு செய்வோம். ஓர் இடையிசையைப் பிடிக்கச் சில நாள் ஒரு முழு இரவு போய்விடும். புல்லாங்குழல் எங்கே மூச்சு விடுகிறது, வயலின்கள் எந்த இடத்தில் நுழைகின்றன, பேஸ் கிதார் எதற்காக ஒரு கணம் ஒதுங்கி நிற்கிறது என்று நாடாவைப் பின்னால் ஓட்டி ஓட்டிக் கேட்போம். பந்தியில் இலைச் சத்தமும் குழந்தைகளின் கூச்சலும் எழும்பிக்கொண்டிருக்கும்போது இடையிசையில் ஒரு சுரம் தவறினால், சமையற்கட்டிலிருந்து யாராவது தலையை நீட்டிப் பார்ப்பார்கள். நம் மக்களின் காதில் அது அவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தது. அதைப் பதிய வைத்தது வானொலி.

என் ரசனையையும் சொல்லிவிடுகிறேன், மறைக்க ஒன்றுமில்லை. மெல்லிசை மன்னர் விஸ்வநாதனின் பலம் மெட்டில் இருக்கிறது. வாத்தியம் எதுவும் இல்லாமல் குளித்துக்கொண்டே பாடினாலும் அவர் பாடல் நிற்கும். இளையராஜாவின் பலம் மெட்டிலும் இருக்கிறது, ஆனால் அதைவிடப் பெரிதாக மெட்டுக்கு வெளியே இருக்கிறது. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தம் கையாலேயே இசைக்குறிப்பு எழுதுகிறவர் அவர். பல்லவிக்கும் சரணத்துக்கும் இடையே வரும் அந்த அரை நிமிடத்தில் அவர் சொல்வதை எந்தக் கவிஞரும் சொற்களில் சொல்லிவிட முடியாது. அதை வெட்டிவிட்டு மீதியை ஒலிபரப்பினால் பாடகரின் குரலும் தாளமும் நமக்குக் கிடைக்கும், இளையராஜா கிடைக்கமாட்டார்.

'ராக்கம்மா கையத் தட்டு' பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். 1991இல் வந்தது. 2002இல் பி.பி.சி. உலக சேவை நடத்திய வாக்கெடுப்பில் உலகின் முதல் பத்துப் பாடல்களில் நான்காவதாக வந்தது. அந்த ஆட்டத்துக்கும் கைத்தட்டலுக்கும் நடுவே வயலின்கள் எழுந்து வழிவிட, அப்பரின் தேவாரம் ஒலிக்கிறது: 'குனித்த புருவமும் கொவ்வைச் செவ்வாயில் குமிண்சிரிப்பும்'. குவீன் தெரு மாரியம்மன் கோயிலில் தேவாரம் கேட்டு வளர்ந்தவன் நான். ஒரு குத்துப்பாட்டின் உள்ளே அது வரும்போது எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது. சுருக்கிய வடிவத்தை நீங்கள் ஒலிபரப்பும்போது அப்பர் வருவதற்கு முன்பே பாடல் முடிந்துவிடுகிறது. என் மகள் பல ஆண்டுகளாக அந்தப் பாடலை வானொலியில் கேட்டிருக்கிறாள். அதில் தேவாரம் இருப்பது அவளுக்குப் பதினாறு வயதில்தான், அதுவும் நான் வீட்டில் போட்டுக் காட்டியபோதுதான் தெரிந்தது.

'முழுப் பாடல் வேண்டுமானால் கைப்பேசியில் கேளுங்கள்' என்று ஒருமுறை உங்கள் துறையைச் சேர்ந்த ஒருவர் என்னிடம் நேரிலேயே சொன்னார். கேட்கிறேன், கேட்காமல் இல்லை. ஆனால் கைப்பேசியில் நான் தேடுவது எனக்குத் தெரிந்த பாடலை. எனக்குத் தெரியாத பாடலை, நான் மறந்தே போன பாடலை, ஒரு செவ்வாய்க்கிழமைக் காலையில் எதிர்பாராமல் என் முன்னால் கொண்டுவந்து வைப்பது வானொலி மட்டும்தான். என் அம்மாவுக்கு 78 வயது. கைப்பேசியில் பேசுவார், பாடல் தேடத் தெரியாது. காலை ஐந்தரைக்கு வானொலியைத் திறந்தால் இரவு படுக்கும்வரை அது பாடிக்கொண்டே இருக்கும். அவருக்கு நீங்கள் கொடுப்பதுதான் இசை, நீங்கள் வெட்டியது அவருக்கு இல்லவே இல்லை.

அம்மாவைப் பற்றிச் சொன்னதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. 'நாளை இந்த வேளை பார்த்து' ஒலித்து முடிந்ததும் ஓர் இளம் அறிவிப்பாளர் பாடியவரின் பெயரை மாற்றிச் சொல்லிவிட்டார். அம்மா கையிலிருந்த கீரையைக் கீழே வைத்துவிட்டார். பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது முதன்முதலாக வழங்கப்பட்டபோது, அது பி. சுசீலாவுக்குக் கிடைத்தது அந்தப் பாடலுக்காகத்தான். தவறு யாருக்கும் வரும், அதற்காக அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன். பெயர் சொல்லும் பழக்கமே அருகிப்போனதால்தான் தவறும் வருகிறது. படம், இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடியவர் என்று நான்கையும் சொல்ல எட்டு விநாடி போதும். பரிசுத் தொகையை இரண்டாம் முறை சொல்லும் நேரம் அது.

நம் நாட்டுக் கலைஞர்களுக்கு இந்த எட்டு விநாடி இன்னும் அவசியம். தமிழகத்துப் பாடகரின் பெயரைத் திரைப்படமாவது சொல்லிவிடும். இங்கே தன் வீட்டு அறையில் பதிவு செய்து, சொந்தப் பணத்தில் பாடல் வெளியிடும் இளைஞனுக்கு உங்கள் வாயைத் தவிர வேறு வழி குறைவு. யோகி பியும் நட்சத்ராவும் 2006இல் 'மடை திறந்து' பாடியபோது எங்கள் தொழிற்சாலைப் பேருந்தில் அதைப் பாடாத பையன் இல்லை. அந்தப் பெயர்கள் எங்களுக்குத் தெரிந்திருந்தன, எங்கள் ஊர்ப் பிள்ளைகள் என்று தலை நிமிர்ந்தோம். இன்று உள்ளூர்ப் பாடல்களில் எனக்குப் பிடித்தவை பல இருக்கின்றன. ஆனால் அவற்றில் பாதியை யார் பாடினார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. சொல் தெளிவாக ஒலிக்கும் ராப் எனக்குப் பிடிக்கிறது. குரலை இயந்திரத்தில் இழுத்து வளைத்துச் சோகம் வரவழைக்கும் பாடல்கள் பிடிக்கவில்லை. அது என் தனிப்பட்ட விருப்பு வெறுப்பு, உங்கள் தேர்வில் அதற்கு இடம் கேட்கவில்லை.

பெயர் சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பினாங்கிலேயே சான்று உண்டு. ஆயர் ஈத்தாமிலிருந்து வந்த லோகநாதன், டேவிட் ஆறுமுகம் சகோதரர்களின் 'அல்லிகேட்ஸ்' குழு மலாய்ப் பாடல்களால் நாடு முழுவதையும் கட்டிப்போட்டது. என்னோடு வேலை செய்யும் தமிழ் இளைஞர்கள் அந்தப் பாடல்களை வரி பிசகாமல் பாடுகிறார்கள். பாடியவர்கள் தமிழர்கள் என்றதும் இருவர் நம்ப மறுத்துவிட்டார்கள்.

விளம்பரம் இல்லாமல் நிலையம் நடக்காது என்பது எனக்குத் தெரியும். நாள் முழுவதும் முழுப் பாடல்களே வேண்டும் என்று கேட்கவில்லை. காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் தாருங்கள். அந்த நேரத்தில் முதல் சுரம் தொடங்கி கடைசிச் சுரம் அடங்கும்வரை யாரும் பேச வேண்டாம். அடங்கிய பிறகு பெயர்களைச் சொல்லுங்கள், அதன்பின் விளம்பரத்தைப் போடுங்கள். நான் இருந்து கேட்கிறேன்.

வரும் திங்கள் முதல் எனக்குக் காலை வேலை. ஆறு நாற்பது வாக்கில் டோல் சாவடியைத் தாண்டுவேன். எந்தப் பாடலானாலும் சரி.

இப்படிக்கு,
பிறையிலிருந்து ஒரு நேயர்