டியர்க்கரைத் தோற்றவர் என்று சொல்லாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வீரர்களாக இருந்து பிறகு அணியை நடத்தியவர்கள் பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். பேஸ்பாலையும் சேர்த்துக்கொண்டது மகிழ்ச்சிதான், ஆனால் பிளேஆஃபில் (சீசன் முடிந்ததும் பட்டத்துக்காக நடக்கும் நாக்அவுட் தொடர்களில்) ஜெயிக்காத மேனேஜர் (அணியை நடத்துபவர்) வேறு எதைச் சாதித்தாலும் கணக்கில் வராது என்கிற மாதிரி முடித்திருப்பதை ஏற்கவே முடியவில்லை. அமெரிக்காவின் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணிக்குப் பந்து வீசி, பிறகு அதே அணியை நடத்திய லாரி டியர்க்கரை என்ன செய்வது?

1964 செப்டம்பர் 22 அன்று, 18ஆவது பிறந்தநாளில் முதல் ஆட்டம் ஆடி, முதல் இன்னிங்ஸிலேயே புகழ்பெற்ற மட்டையாளர் வில்லி மேஸை ஸ்டிரைக் அவுட் செய்தவர் (மூன்று ஸ்டிரைக்கில் ஆட்டமிழக்க வைத்தவர்). 1969இல் அந்த அணிக்காக முதன்முதலில் ஒரே சீசனில் 20 வெற்றியைத் தன் கணக்கில் சேர்த்த பிட்சரும் (பந்துவீச்சாளரும்) அவர்தான், அந்த ஒரே சீசனில் 305 இன்னிங்ஸ் (பேஸ்பாலில் ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ்) வீசியிருக்கிறார், இன்றைக்கு 200 தாண்டினாலே பெரிய விஷயம். 1976இல் மாண்ட்ரியல் அணிக்கு எதிராக ஒரு ஹிட்கூட (பந்தை அடித்துவிட்டு பேஸ் சேர்வது) கொடுக்காமல் ஒரு ஆட்டம். அடுத்த வருடத்தோடு பந்துவீச்சு முடிந்துபோனது.

அப்புறம் 1979 முதல் வர்ணனையாளர். எந்த அணியையும் நடத்திய அனுபவமே இல்லாத அவரை 1997இல் மேனேஜர் ஆக்கினார்கள். ஐந்து சீசனில் நான்கு முறை டிவிஷன் (லீகுக்குள் இருக்கும் பிரிவு) பட்டம்! 1998இல் 102 வெற்றி, தேசிய லீகின் (அமெரிக்க பேஸ்பாலின் இரண்டு பெரிய லீகுகளில் ஒன்று) சிறந்த மேனேஜர் விருது. 1999 ஜூனில் ஆட்டம் நடக்கும்போதே டக்அவுட்டில் (மைதான ஓரத்தில் அணியினர் உட்காரும் இடம்) வலிப்பு வந்து விழுந்தார், மூளையில் அறுவை சிகிச்சை நடந்தது, சுமார் ஒரு மாதத்தில் திரும்பி வந்து கடைசி நாள் ஆட்டத்தில் டிவிஷனை வென்று கொடுத்தார்.

பிளேஆஃபில் நான்கு முறையும் முதல் சுற்றிலேயே தோற்றது உண்மை. ஆனால் 1998 தொடரைப் பாருங்கள்: சான் டியேகோ அணிக்கு எதிராக நான்கு ஆட்டத்தில் ஹூஸ்டன் எடுத்தது மொத்தமே 8 ரன், ஹூஸ்டனின் பிட்சர் ராண்டி ஜான்சன் நன்றாக வீசியும் 2-1 என்று முதல் ஆட்டம் போனது. மட்டை பிடித்தவர்கள் அடிக்காததற்கு மேனேஜர் என்ன செய்வார்? ஒரு சீசன் முழுக்க 162 ஆட்டம் ஆடிப் பெற்றதை மூன்று நான்கு ஆட்டத்தில் அழித்துவிடுவது நியாயமில்லை, 2001இல் அவர் பதவி போனதும் இந்தக் கணக்கால்தான்.

அடுத்த வருடமே அவருடைய 49ஆம் எண்ணை இனி யாரும் அணியக் கூடாது என்று கழகம் ஒதுக்கி வைத்தது. நீங்களும் அவருக்கு ஒரு தனிக் கட்டுரை போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை