பொருள்: செயற்கைக்கோள் இணைய இணைப்பில் ஒரே டேட்டாவைப் பலமுறை எண்ணியது தொடர்பான புகார்

அனுப்புநர்:
கணினிப் பிரிவு, தேயிலைத் தோட்ட அலுவலகம், வால்பாறை வட்டம், கோயம்புத்தூர் மாவட்டம்.

பெறுநர்:
பொறுப்பு அலுவலர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

நாள்: 24.07.2025

ஐயா/அம்மா,

எங்கள் அலுவலகத்துக்கு நீங்கள் தந்திருப்பது மாதம் 60 ஜி.பி. வரம்புள்ள வி-சாட் (சிறு டிஷ் ஆண்டெனா வழியான செயற்கைக்கோள்) இணைப்பு. நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை செலவாகும் டேட்டா அந்த வரம்பில் சேராது என்பது திட்டத்தின் நிபந்தனை. ஜூலை 18 அன்று 60 ஜி.பி. முழுவதும் தீர்ந்துவிட்டதாகக் காட்டி வேகத்தைக் குறைத்துவிட்டீர்கள். அதே 18 நாளில் எங்கள் ரவுட்டர் பதிவு செய்த மொத்தம், பதிவிறக்கமும் பதிவேற்றமும் சேர்த்து, 38.4 ஜி.பி. அதில் 10.2 ஜி.பி. இலவச நேரத்தில் போனது. ஆக வரம்பில் கழிய வேண்டியது 28.2 ஜி.பி. மட்டுமே.

தொலைபேசியில் கிடைத்த பதில்கள் மூன்று: வைஃபை கடவுச்சொல்லை மாற்றுங்கள், வைரஸ் இருக்கிறதா பாருங்கள், விண்டோஸ் அப்டேட்டை நிறுத்துங்கள். இந்த மூன்றுமே இந்தப் புகாருக்குப் பொருந்தாது. உங்கள் மோடத்திலிருந்து வெளியே வருவது ஒரே ஒரு லேன் கேபிள். அது நேராக எங்கள் ரவுட்டரின் வான் போர்ட்டில் (WAN, வெளி இணைய இணைப்புக்கான துளை) செருகியிருக்கிறது. வைஃபையைத் திருடியவர், வைரஸ், அப்டேட், சிசிடிவி என யார் எதை இழுத்தாலும் அந்தக் கேபிள் வழியாகத்தான் போக வேண்டும், ரவுட்டர் கணக்கில் விழத்தான் வேண்டும். ரவுட்டரில் ஓப்பன்-டபிள்யூஆர்டி என்ற இயங்குதளம் ஓடுகிறது. வான் போர்ட்டின் எண்ணிக்கையை விஎன்ஸ்டாட் என்ற கணக்கெடுப்பு நிரல் மணிவாரியாகக் கோப்பில் எழுதிவைக்கிறது. மின்சாரம் போய் வந்தாலும் பழைய பதிவு அழியாது. கே.பி., எம்.பி., ஜி.பி. என ஒவ்வொரு படிக்கும் 1024 கணக்கா 1000 கணக்கா என்ற குழப்பம் ஜி.பி. அளவில் 7.4 சதவீத வித்தியாசம் தரும் என்பதால், இந்தக் கடிதத்தில் உள்ள எண்கள் எல்லாவற்றையும் உங்கள் தளம் பயன்படுத்தும் 1000 கணக்குக்கே மாற்றித் தந்திருக்கிறோம்.

இனி, தவறு எங்கே நடக்கிறது என்பதைச் சொல்கிறோம். உங்கள் தளத்தில் உள்ள விரிவான பயன்பாட்டுப் பக்கத்திலேயே அது தெரிகிறது.

ஜூலை 16, புதன்கிழமை. மின்தடை முடிந்து மோடம் இணைப்பைப் பிடித்தது முற்பகல் 11:46. அன்றைக்கு உங்கள் பக்கத்தில் மூன்று வரிகள் உள்ளன. மூன்றுக்கும் தொடக்க நேரம் ஒன்றே. முடிவு நேரம் மட்டும் மாறுகிறது. அளவுகள் முறையே 1.12, 1.93, 2.41 ஜி.பி. நீங்கள் மூன்றையும் கூட்டி 5.46 ஜி.பி. கழித்திருக்கிறீர்கள். ரவுட்டர் அந்த நேரத்துக்குக் காட்டுவது 2.36. அதாவது மூன்றாவது வரி ஒன்றே அன்றைய முழுச் செலவு. முதல் இரண்டு வரிகள் அதே அமர்வின் (மோடம் இணைந்ததிலிருந்து அந்த இணைப்பு முடிக்கப்படும்வரையான காலத்தின்) இடைக்காலக் கூட்டுத்தொகைகள். தொடக்கத்திலிருந்து அதுவரை ஆனதை ஒவ்வொரு முறையும் எழுதியிருக்கிறது. உங்கள் பில்லிங் மென்பொருள் அவற்றைத் தனித்தனிச் செலவாக எடுத்துக்கொண்டு கூட்டியிருக்கிறது. 2.36-க்கும் 2.41-க்கும் உள்ள 2 சதவீத வித்தியாசம் பாக்கெட் தலைப்புகளால் (ஒவ்வொரு தரவுத் துண்டோடும் சேரும் முகவரி விவரங்களால்) வரக்கூடியது. அதைப் பற்றி எங்களுக்குப் புகார் இல்லை.

இடைக்கால வரி எப்போது உருவாகிறது என்பதும் தெரிகிறது. முதல் இரண்டு வரிகளின் முடிவு நேரங்களை இந்திய நேரத்துக்கு மாற்றிப் பார்த்தால், அவை மழையில் சிக்னல் அறுந்ததாக மோடத்தின் பதிவேடு காட்டும் பிற்பகல் 1:18, 2:45 ஆகிய நேரங்களோடு நிமிடம் பிசகாமல் ஒத்துப்போகின்றன. மூன்றாவது, 6:07-க்கு அமர்வு முடிந்தபோது வந்தது. இணைப்பு சில நொடி அறுந்து மீளும்போது உங்கள் தரை நிலைய மையம் அமர்வை முடிக்காமல், அதுவரையான மொத்தத்தை ஒரு பதிவாக அனுப்புகிறது. ரேடியஸ் (வாடிக்கையாளரின் இணைப்பையும் பயன்பாட்டையும் பதியும் நெறிமுறை) கணக்குப் பதிவில் இடைக்கால எண்கள் அமர்வின் தொடக்கத்திலிருந்தான மொத்தமே என்று 2000-ல் வெளியான ஆர்.எஃப்.சி. 2869 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் தெளிவாகச் சொல்கிறது. அவற்றைக் கூட்டக் கூடாது; ஒரு அமர்வுக்குக் கடைசிப் பதிவை மட்டுமே எடுக்க வேண்டும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் வால்பாறையில் சிக்னல் அறுவது அன்றாடம். வெயில் நாட்களில் உங்கள் கணக்கும் எங்கள் கணக்கும் ஒட்டி நிற்பதும், மழை நாட்களில் இரண்டு மடங்கு மூன்று மடங்காக விலகுவதும் இதனால்தான்.

மழையில் சேதமான தரவு திரும்ப அனுப்பப்படுவதால் அளவு கூடியிருக்கலாம் என்று உங்கள் பொறியாளர் ஒருவர் சொன்னார். மறு அனுப்பல் உண்மைதான். 36,000 கிலோமீட்டர் உயரத்துக்குப் போய் வரும் தாமதத்தைச் சமாளிக்க உங்கள் மையம் சர்வரிலிருந்து முன்கூட்டியே இழுத்து வைத்துக்கொள்வதும் உண்மை. இணைப்பு அறுந்தால் அதில் கொஞ்சம் எங்களுக்கு வந்து சேராமல் போகலாம். ஆனால் இவை எதுவும் கேபிளைப் பிடுங்கி வைத்த மோடத்தில் ஜி.பி. கணக்கில் செலவு காட்டாது. ஜூலை 12 சனி மாலை 6 மணிக்கு மோடத்திலிருந்து லேன் கேபிளைக் கழற்றி, 14 திங்கள் காலை 8 மணிக்குத்தான் திரும்பச் செருகினோம். மோடம் மட்டும் யுபிஎஸ்ஸில் ஓடியது. ஞாயிறன்று உங்கள் பக்கத்தில் 1.84 ஜி.பி. செலவு பதிவாகியிருக்கிறது. சனிக்கிழமையின் கடைசி வரியைப் பாருங்கள்: அதுவும் 1.84 ஜி.பி.; தொடக்க நேரமும் அதுவே. செலவே இல்லாததால் கூட்டுத்தொகை வளரவில்லை, ஞாயிறு மதியம் சிக்னல் அறுந்தபோது அதே எண் இன்னொரு முறை அனுப்பப்பட்டு இன்னொரு முறை கழிக்கப்பட்டிருக்கிறது. இந்த ஒரு வரிக்கு வேறு விளக்கம் இருந்தால் எழுத்தில் தாருங்கள்.

இரண்டாவது தவறு சிறியது, ஆனால் எல்லா வாடிக்கையாளரையும் பாதிக்கக்கூடியது. ஜூலை 16 அமர்வின் தொடக்கத்தை உங்கள் பக்கம் 06:16 என்று காட்டுகிறது. உண்மையில் அது 11:46. ஐந்தரை மணி நேர வித்தியாசம், அதாவது மீட்டர் இந்திய நேரத்தில் ஓடவில்லை, யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) ஓடுகிறது. அதனால் 12 முதல் 6 வரையான இலவச நேரம் நடைமுறையில் காலை 5:30 முதல் 11:30 வரை என்று ஆகிவிட்டது. இரவு 1 மணிக்கு ஓடும் எங்கள் பேக்கப் முழுவதும் வரம்பில் கழிந்திருக்கிறது.

இந்த இரண்டு தவறுகளையும் வைத்தே உங்கள் 60 ஜி.பி.யை ஏறக்குறைய முழுதாக விளக்கிவிடலாம். ரவுட்டர் மொத்தத்தில், யுடிசிப்படி இலவசமாகும் 5.7 ஜி.பி.யைக் கழித்தால் 32.7. தலைப்புகளுக்கு 2 சதவீதம் சேர்த்தால் 33.4. ஒரே தொடக்க நேரம் கொண்ட வரிகளில் கடைசியை விட்டு மற்றவற்றைக் கூட்டினால் 26.1. மொத்தம் 59.5. மிச்சம் அரை ஜி.பி.தான்.

பெட்ரோல் பங்கில் அளவு சந்தேகமென்றால், முத்திரையிட்ட 5 லிட்டர் அளவையில் பிடித்துக் காட்டச் சொல்லலாம். டேட்டாவுக்கு அப்படியொரு அளவை வாடிக்கையாளர் கையில் இல்லாததால், விற்பவரே அளப்பவராகவும் இருக்கிறார். அந்த இடத்தில் கூடுதல் கவனம் உங்கள் கடமை. மாதாந்திர ஜி.எஸ்.டி. கணக்கான ஜி.எஸ்.டி.ஆர்-3பி தாக்கலுக்கு 20ஆம் தேதி கெடு இருக்கும்போது 18 அன்று வேகம் குறைந்தால், ஃபைபர் வராத மலையில் எங்களுக்கு மாற்று வழியில்லை. அதற்காக வாங்கிய டாப்-அப் தொகையும் இந்தத் தவறான கணக்கின் விளைவுதான். வரம்பில் 50, 90, 100 சதவீதத்தைத் தொடும்போது தகவல் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2016-லேயே உத்தரவிட்டிருக்கிறது. 90, 100 சதவீதக் குறுஞ்செய்திகள் இரண்டும் ஒரே மழை நாளில் வந்ததை உங்கள் பதிவிலும் பார்க்கலாம்.

எனவே ஜூலை மாதத்துக்கான ரேடியஸ் மூலப் பதிவுகளை அமர்வு எண், பதிவு வகை, பைட் எண்ணிக்கையோடு எங்களுக்குத் தாருங்கள். அமர்வுக்கு ஒரே பதிவு, இந்திய நேரம் என்ற முறையில் கணக்கை மறுபடி போட்டு, கூடுதலாகக் கழித்த டேட்டாவையும் டாப்-அப் தொகையையும் திருப்பித் தாருங்கள். அது முடியும்வரை வேகக் குறைப்பை நீக்கி வையுங்கள். மழைக்காலமான ஜூன் மாதக் கணக்கையும் இதே முறையில் சரிபார்க்க வேண்டும். உங்கள் பொறியாளர் நேரில் வந்தால், லேன் கேபிளைக் கழற்றிவிட்டு, ஆண்டெனாவிலிருந்து மோடத்துக்குப் போகும் ஐ.எஃப். கேபிளைச் சில நொடி எடுத்து மாட்டினாலே இந்தத் தவறை அவர் கண்முன் உண்டாக்கிக் காட்ட முடியும். ரவுட்டர் பதிவும், மோடம் பதிவேடும், உங்கள் பக்கத்தின் அச்சுப்படியும் இத்துடன் இணைத்திருக்கிறோம்.

இந்தப் புகாருக்கு டாக்கெட் எண் தந்து எழுத்தில் பதில் அனுப்புங்கள். பதில் நிறைவாக இல்லையென்றால், ட்ராயின் 2012 குறைதீர்ப்பு விதிகளின்படி உங்கள் மேல்முறையீட்டு அதிகாரியிடம் இதே ஆவணங்களோடு முறையிடுவோம்.

இப்படிக்கு,
கணினிப் பொறுப்பாளர்